ஸ்பெயின் நாட்டு மாநிலத் தலைவர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் முறை

வேலூரில் நூலக வாசகர் வட்டத்துக்காகவோ கல்லூரி ஆண்டு மலருக்காகவோ அயல்நாட்டுத் தலைவரைப் பற்றி எழுத முன்வருபவர்கள் பெரும்பாலும் பிரதமர்களையும் குடியரசுத் தலைவர்களையுமே தேர்ந்தெடுக்கின்றனர். மாநில அளவில் அரசியல் நடத்தியவர்களின் வாழ்க்கை நமக்கு இன்னும் நெருக்கமானது. தலைநகருக்கும் மாநிலத்துக்கும் இடையே நடக்கும் அதிகார இழுபறியை நாம் நன்கறிவோம். அத்தகைய வரலாற்றை எழுதும் முறையை, ஸ்பெயினின் வடகிழக்கிலுள்ள கத்தலோனியாவின் தலைவராக இருந்த ஜுசெப் தராதெல்யாஸை (1899–1988) எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

எழுதத் தொடங்குமுன் ஆட்சி அமைப்பைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இன்றைய ஸ்பெயினில் 17 தன்னாட்சிச் சமூகங்களும், அவற்றுக்குள் 50 மாகாணங்களும் உள்ளன. தன்னாட்சிச் சமூகத்தின் தலைவரை அதன் சட்டமன்றம் தன் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்க, அரசர் நியமிக்கிறார். நம் ஆளுநரைப் போன்ற பதவி அங்கே இல்லை. ஆனால் இவ்வமைப்பு 1978 அரசியலமைப்புக்குப் பின் உருவானது. 1930களைப் பற்றி எழுதும்போது இதைப் பின்னோக்கிப் பொருத்தக் கூடாது. 1960களில் குடியாத்தத்தில் வென்ற ஒருவரை வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்று எழுதுவதுதானே முறை? 1989இல் அந்த மாவட்டம் பிரிக்கப்பட்டதும், 2019இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களானதும் பிற்காலச் செய்திகள். அதேபோல, தராதெல்யாஸின் இளமைக்கால அரசியலை ஸ்பெயினில் மன்னராட்சி நீங்கி அமைந்த இரண்டாம் குடியரசின் (1931–1939) கீழ் கத்தலோனியா 1932இல் பெற்ற தன்னாட்சிச் சட்டத்தின் வரம்புக்குள்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

பெயரிலும் கவனம் தேவை. அவருடைய முழுப்பெயர் ஜுசெப் தராதெல்யாஸ் இ ஜுவான். ஸ்பெயின் வழக்கப்படி தந்தை வழிக் குடும்பப் பெயர் முன்னும், தாய் வழிக் குடும்பப் பெயர் பின்னும் வரும். ஆகவே கட்டுரை முழுவதும் அவரைத் தராதெல்யாஸ் என்றே குறிப்பிட வேண்டும்.

அடுத்து, ஒரு தாளில் மூன்று பத்திகள் கொண்ட அட்டவணையை, ஆண்டுக்கு ஒரு வரிசையாக வரைந்துகொள்ளுங்கள்: பதவி, அதை அளித்தவர், அதில் இருந்த அதிகாரம். பல வரலாறுகள் முதல் பத்தியோடு நின்றுவிடுவதால்தான் பதவிப் பட்டியலாக வறண்டுபோகின்றன என்பது என் உறுதியான கருத்து. 1936 செப்டம்பர் வரிசையில், கத்தலோனிய அரசின் தலைவர் லூயிஸ் கும்பான்யிஸின் கீழ் அமைச்சரவையின் முதல்வர் என்று எழுதுவீர்கள். உள்நாட்டுப் போர் நடந்த காலமாதலால், போர்த் தளவாடத் தொழில்களின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. 1939இல் குடியரசை எதிர்த்த தளபதி பிராங்கோவின் படை வென்றதும் அவர் பிரான்ஸுக்குத் தப்பிச் சென்றார். 1954 வரிசைதான் உங்கள் கட்டுரையின் உயிர்நாடி. பதவி, கத்தலோனிய அரசின் தலைவர். அளித்தவர்கள், மெக்சிகோவிலிருந்த ஸ்பானியக் குடியரசின் தூதரகத்தில் கூடிய, நாட்டை விட்டு வெளியேறி வாழ்ந்த கத்தலோனியச் சட்டமன்ற உறுப்பினர்கள். மூன்றாம் பத்தியில் எழுத ஏறத்தாழ ஒன்றுமில்லை: கருவூலம் இல்லை, காவல்துறை இல்லை, ஆள நிலமும் இல்லை. நாடுகடந்த அமைச்சரவை ஒன்றையும் அவர் அமைக்கவில்லை. அதிகாரமே இல்லாத ஒரு பதவியை 23 ஆண்டுகள் கட்டிக்காத்த மனிதரை வாசகர் புரிந்துகொள்ள, இந்த வெற்றுப் பத்தியைப் பற்றி நீங்கள் விரிவாகவே எழுத வேண்டும்.

இதே அளவு இடத்தை 1977க்கும் ஒதுக்குங்கள். பிராங்கோவின் மறைவுக்குப் பின் அவ்வாண்டு ஜூன் 15 அன்று நடந்த பொதுத் தேர்தலில் கத்தலோனியாவில் சோசலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் முன்னணி பெற்றதால், அவர்களுக்கு மாற்றாக இந்த முதியவருடன் பேசுவதே நல்லது என்று பிரதமர் சுவாரெஸ் கருதியதாக வரலாற்றாசிரியர்கள் பலர் விளக்குகின்றனர். ஜூன் 27 அன்று தலைநகர் மத்ரீதில் இருவரும் சந்தித்தபோது உள்ளே பேச்சு கசப்பாக முடிந்தது. ஆனால் வெளியே வந்த தராதெல்யாஸ், எல்லாம் நன்றாகவே நடந்ததாகச் செய்தியாளர்களிடம் கூறினார். முறிந்திருக்க வேண்டிய பேச்சு இதனால் தொடர்ந்தது. மறுநாள் நாளிதழ்ச் செய்தியை மட்டும் நம்பி எழுதுபவர், அவருடைய அரசியல் திறமை வெளிப்பட்ட இந்த இடத்தையே தவறவிடுவார். ஆகவே நாளிதழையும் பிற்கால நினைவுக்குறிப்புகளையும் அருகருகே வைத்துப் படித்து, எது எங்கிருந்து கிடைத்தது என்பதைக் கட்டுரையிலேயே குறிப்பிடுங்கள். செப்டம்பர் 29 அன்று அரச ஆணைச் சட்டம் கத்தலோனிய அரசைத் தற்காலிகமாக மீட்டளித்தது. அக்டோபர் 23 அன்று தராதெல்யாஸ் பார்சிலோனாவில் கத்தலோனிய அரசின் அரண்மனை மாடத்தில் நின்று, ‘கத்தலோனியாவின் குடிமக்களே, இதோ வந்துவிட்டேன்’ என்றார். பதவி அதேதான், இம்முறை அளித்தது மத்ரீத் அரசு.

ஆதாரங்களுக்கு வேலூரை விட்டுப் போக வேண்டியதில்லை. ஸ்பெயின் அரசிதழையும், 1881இல் தொடங்கப்பட்ட லா வான்குவார்தியா நாளிதழின் பழைய இதழ்களையும் இணையத்தில் பார்க்கலாம். தராதெல்யாஸ் நாடுகடந்த காலத்திலும் பாதுகாத்த ஆவணங்கள் கத்தலோனியாவிலுள்ள புப்லெத் மடாலயத்தில் தனிக் காப்பகமாக உள்ளன.

1980 மார்ச் 20 அன்று நடந்த கத்தலோனியச் சட்டமன்றத் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. ஜோர்தி புஜோல் அவருக்குப் பின் தலைவரானார். புஜோலையோ அவருக்குப் பின் வந்தவர்களையோ பற்றி எழுதுவதாக இருந்தால், தேர்தல் முறையைப் பற்றிய விளக்கமும் கட்டுரையில் தேவைப்படும். கத்தலோனியச் சட்டமன்றத்தின் 135 இடங்களில் பார்சிலோனா மாகாணத்துக்கு மட்டும் 85 இடங்கள். வாக்காளர் கட்சியின் வேட்பாளர் பட்டியலுக்கே வாக்களிக்கிறார். உறுப்பினர் ஒருவர் விலகினால் இடைத்தேர்தல் கிடையாது, பட்டியலில் அடுத்தவர் அந்த இடத்துக்கு வருவார். எனவே ‘தம் தொகுதியில் வென்றார்’ என்று நம் வழக்கப்படி எழுதாமல், எந்த மாகாணப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் அவர் பெயர் இருந்தது என்பதைத் தேடி எழுதுங்கள்.