டிக்கெட் போடும் முன் தண்ணீர் இருக்குமா என்று பாருங்கள்

சிங்கப்பூரில், நம் பிடோக் நீர்த்தேக்கத்தில் ஜூனில் கயாக் ஓட்டினாலும் டிசம்பரில் ஓட்டினாலும் கரைக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குப் பெரிதாக மாறித் தெரியாது. அந்தப் பழக்கத்தோடு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தமிழ்நாட்டு அணைக்கோ ஏரிக்கோ போனால், சில மாதங்களில் வெடித்த களிமண்ணைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டியிருக்கும். அங்கே அணை கட்டியது பாசனத்துக்கு. படகு, பூங்கா, வறுத்த மீன் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அதனால் எந்த ஊருக்குப் போகலாம் என்பதைவிட எந்த மாதம் போகிறோம் என்பதே முக்கியம். பள்ளி விடுமுறையாக நமக்குக் கிடைப்பதோ ஜூனும் ஆண்டிறுதியும்தான்.

முதலில் ஜூன். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). டெல்டாவின் குறுவைச் சாகுபடிக்கு ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். இருப்பைப் பொறுத்து அந்தத் தேதி முன்னே பின்னே போகும். கோடையில் மட்டம் நன்றாக இறங்கிய ஆண்டுகளில், பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியத் தொடங்கும். நிறைந்த அணையைப் பார்ப்பதைவிட, அணை விழுங்கிய ஊர் எட்டிப் பார்ப்பதைக் காணவே நான் மேட்டூருக்குப் போகச் சொல்வேன்.

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் ஒரு சொல்லைப் பழகிக்கொள்ள வேண்டும்: கன அடி. கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி நீரை எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். நீர்வரத்து விநாடிக்கு எத்தனை கன அடி என்பது தமிழ்ச் செய்திகளில் அன்றாடம் வரும். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பி உபரி நீர் திறந்துவிட்டால், அடுத்த செய்தி ‘பரிசல் இயக்கத் தடை’ என்பதாகத்தான் இருக்கும். இது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் நடக்கும். ஜூன் முதல் பாதியில் போனால் பரிசல் கிடைக்க வாய்ப்பு அதிகம். கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை செய்தியைப் பார்த்துவிட்டு வண்டியைச் சொல்லுங்கள். தேசிய தினத்தை ஒட்டி லீவு போட்டுப் போகிறவர்கள் ஆடிப்பெருக்கு அன்று அந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம். ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வரும் அந்த நாளில் காவிரிக்கரை முழுக்கக் கூட்டம்தான். கூட்டம் பிடிக்கும் என்றால் அது வேறு கதை.

மலைப்பக்கம் போகிறவர்களுக்கு ஜூனில் கொடைக்கானலே என் தேர்வு. தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்குச் சரிவைத்தான் முதலில் நனைக்கும்; கொடைக்கானலுக்குப் பெருமழை வருவது அக்டோபருக்கு மேல். கொடைக்கானல் ஏரியை 1863-இல் வெர் ஹென்றி லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி உருவாக்கினார். சுற்றிவர ஐந்து கிலோமீட்டர் அளவில் இருக்கும். காலை ஏழு மணிக்கு நடந்தாலோ வாடகை சைக்கிளில் சுற்றினாலோ ஏரி உங்களுக்கே சொந்தம்போல இருக்கும். உதகை ஏரி அதைவிடப் பழையது, ஜான் சல்லிவன் 1824-இல் அமைத்தது. ஆனால் இன்று அங்கே படகைவிட வரிசை நீளம். உதகையில் தங்கினால் கூடலூர் சாலையில் இருபது கிலோமீட்டர் போய் பைக்காராவில் விசைப்படகு ஏறுங்கள்.

இரண்டு ஊருக்கும் 2024 மே முதல் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு அது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிவு செய்யலாம். வண்டி எண் கேட்கும் என்பதால் பெரும்பாலும் டிரைவரே எடுத்து வைத்திருப்பார், ஆனாலும் முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். பிள்ளைகளின் பள்ளித் தண்ணீர்க் குடுவையே போதும்.

ஆண்டிறுதி விடுமுறை அப்படியே தலைகீழ். வடகிழக்குப் பருவமழையில் சென்னைப் பக்கத்து ஏரிகளும் டெல்டாவும் நிறைந்திருக்கும். புயல் சின்னம் உருவானால் கடலோரப் படகுத்துறைகள் மூடிவிடும். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போக டிசம்பர் பிற்பாதி நல்லது. அங்கே விசைப்படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். சுரபுன்னை வேர்கள் வளைந்து இறங்கும் குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகுதான் போகும். ‘இன்னும் உள்ளே கூட்டிப் போகிறேன்’ என்று படகுக்காரர் தனியாகப் பணம் கேட்பதுண்டு. ஏறும் முன்பே பேசிவிட்டால் இடையில் முகச்சுளிப்பு இருக்காது. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் எரியும், பிள்ளைகள் கிளையை ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலேயே தங்குகிறவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு படகுத்துறை இருக்கிறது. வேகமாக ஏதாவது ஓட்ட வேண்டும் என்று அடம்பிடிக்கும் பதின்ம வயதினர் இருந்தால், இன்னும் தள்ளி, சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கும் முதலியார்குப்பம் படகுத்துறைக்குக் கூட்டிப் போங்கள். இரண்டும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துபவை.

கூடாரம் என்று வந்தால், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அனுமதி வாங்கி ஓர் இரவு கழிப்பதுபோல அணைக்கரையில் கழிக்க முடியாது. அணைகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருப்பவை. மாலையானால் வெளியே அனுப்பிவிடுவார்கள். காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு கெடுபிடி கூடிவிட்டது. ஏற்காடு, ஏலகிரி, கொடைக்கானல் பக்கம் தனியார் முகாம்கள் உண்டு. முன்பணம் கட்டும் முன் இரவில் பொறுப்பாளர் யார் தங்குவார், கழிப்பறை எங்கே, காட்டு எல்லை எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் ஓட்டலில் அறை எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் அட்டைக்கடிக்கு உப்பும் நீளக் காலுறையும் வேண்டும்.

நீச்சல் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிள்ளைகள் நீச்சல் வகுப்பில் வாங்கும் ஸ்விம்சேஃபர் சான்றிதழ் நீச்சல் குளத்துக்குச் சரி, ஏரிக்கு உதவாது. கோடையில் ஏரிக்குள் வண்டல் மண் அள்ளிய குழிகள் மழையில் நிரம்பி மூடிக்கிடக்கும்; முழங்கால் ஆழத்தில் நிற்கிற பிள்ளை அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடும். அணையிலிருந்து எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்பதும் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. எல்லை தாண்டித் தேக்கடிக்குப் போகிறவர்கள் படகில் உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுங்கள். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி அங்கே படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. படகுத்துறைகளில் லைஃப் ஜாக்கெட் தருவார்கள், ஆனால் சிறு பிள்ளைகளின் அளவுக்குக் கிடைப்பது அரிது. இங்கிருந்தே ஒன்று வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.

டிரோனை எடுத்துப் போகாதீர்கள். மலையேற்றப் பிரியர்கள் வைத்திருக்கும் கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளும் வேண்டாம். அனுமதியில்லாமல் அவற்றை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்ட வெளிநாட்டவர்கள் உண்டு. பயணக் காப்புறுதி எடுக்கும்போது ஜெட் ஸ்கீ, பனானா போட் போன்றவற்றுக்கு ஈடு உண்டா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.