அமெரிக்கப் படைவீரர் ஊன இழப்பீடு: நோய் பணியால் வந்ததென்று நிறுவுவது எப்படி?

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறையிடம் மூன்றைக் காட்ட வேண்டும்: இப்போது நோய் இருக்கிறது, பணிக்காலத்தில் காயமோ சம்பவமோ நேர்ந்தது, அதனால்தான் இது வந்தது. மனு அடிவாங்குவது பெரும்பாலும் மூன்றாவதில்.

முதலில், மனு செய்யப்போகிறேன் என்று தெரிவிக்கும் 21-0966 படிவத்தைப் போட்டுவிடுங்கள். முழு மனுவை ஓராண்டுக்குள் கொடுத்தால் போதும், இந்தத் தேதியிலிருந்தே பணம் கணக்காகும். டிடி-214 விடுவிப்புச் சான்றில் சிகிச்சை விவரம் இருக்காது; பணிக்கால மருத்துவப் பதிவுகளைத் தனியே கேட்டு வாங்குங்கள். 1973-இல் செயின்ட் லூயிஸ் காப்பகத் தீயில் பழைய ராணுவக் கோப்புகள் ஏராளமாக எரிந்தன. கோப்பு இல்லாதவர்கள், உடன் பணியாற்றியவரிடம் 21-10210 படிவத்தில் சாட்சி வாங்கலாம். "முதுகு வலி இருந்தது" என்பதெல்லாம் சாட்சியே அல்ல. எந்த முகாம், எந்த மாதம், லாரியிலிருந்து எப்படி விழுந்தார், மறுநாள் நடக்க முடிந்ததா என்று கண்ணால் கண்டதை எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவதை நிறுவ மருத்துவர் தரும் கடிதத்தில் "இருக்கலாம்" என்று வந்தால் கடிதம் வீண். பணியால் வந்திருக்க 50 சதவீத வாய்ப்பாவது உண்டு என்ற கருத்தும், பதிவுகளைப் படித்த குறிப்பும், மருத்துவக் காரணமும் வேண்டும். இடையில் பல ஆண்டுகள் சிகிச்சையே இல்லையென்றால் அதற்கும் விளக்கம் வேண்டும்.

வியட்நாமில் பணியாற்றி, பின்னர் இரண்டாம் வகை நீரிழிவு வந்தவருக்கு இக்கடிதமே தேவையில்லை. அங்கே போரில் அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லியால் வந்ததாக விதியே எடுத்துக்கொள்கிறது. இப்படி விதியே ஏற்கும் நோய்களின் பட்டியலை 2022-இன் பாக்ட் சட்டம் நீட்டியது.

துறை அழைக்கும் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அங்கே மரியாதைக்குக்கூட "பரவாயில்லை" என்று சொல்ல வேண்டாம், அப்படியே எழுதிக்கொள்வார்கள். துறை மனுவை மறுத்தால், ஓராண்டுக்குள் புதிய சான்றோடு துணை மனுவுக்கான 20-0995 படிவம் கொடுங்கள். பழைய தேதி காப்பாற்றப்படும்.