கூடத்தில் எல்லோரும் நல்லவர்கள்

"தங்கமான பையன், சிகரெட், தண்ணி எதுவும் கிடையாது." தரகர் பையனைப் பற்றிச் சொல்வது இது. பெண்ணைப் பற்றிக் கேட்டால், "அதிர்ந்து பேச மாட்டாள்." இரண்டுமே ஏதோ ஒன்று இல்லை என்று சொல்லும் பெருமை. கெட்ட பழக்கம் இல்லை என்பதையே நல்ல குணம் என்று எடுத்துக்கொள்வதுதான் வரன் பார்ப்பதில் நான் அதிகம் கண்ட தவறு. தங்கை, சித்தி பெண்கள், அண்ணன் மகன் என்று எத்தனையோ வீடுகளில் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டவன் நான். நானும் இதைத்தான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் பாய் விரித்து உட்காரும்போது எல்லோரும் நல்லவர்கள்தான். ஓட்டலில் ஒருமுறை சந்திக்கட்டும். கேட்ட தோசைக்குப் பதில் ஊத்தப்பம் வந்தால் சர்வரிடம் எப்படிப் பேசுகிறார்கள், 'முடியாது' என்று ஒருவர் சொன்னால் மற்றவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். என் தங்கை மகள் தன்னைப் பார்க்க வந்தவர்களிடம் ஒரே கேள்வி கேட்டாள்: "உங்க வீட்ல காபி டம்ளரை யார் கழுவுவாங்க?" மூன்று பேர் சிரித்து மழுப்பினார்கள். நான்காமவன், "இதுவரைக்கும் அம்மாதான். நான் பழகிக்கணும்" என்றான். அவனைத்தான் கட்டிக்கொண்டாள்.

நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே போனில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். பிடித்த படம், பிடித்த சாப்பாடு. கடன் எவ்வளவு, பெற்றோருக்கு மாதம் என்ன கொடுக்க வேண்டும், யார் வேலைக்காக யார் ஊர் மாறுவது என்பதெல்லாம் சண்டை வருமே என்று தள்ளிப்போகிறது. வரட்டுமே, எப்படிச் சண்டை போடுகிறார் என்றும் தெரிந்துவிடும். காதல் கல்யாணம் என்றால் இதெல்லாம் தானாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஐந்து வருடம் பழகியும் பாஸ்புக்கைப் பார்க்காத ஜோடிகள் உண்டு.

அடுத்தது நிறம். 2020-இல் வரன் தேடும் இணையதளமான ஷாதி டாட் காம் தோல் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்துவிட்டது. அதே வருடம் 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீமின் பெயரில் 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. நம் ஜாதகத் தாளில் 'நிறம்: மாநிறம்' என்ற வரி மட்டும் அசையவில்லை. அழகைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கட்டிக்கொள்கிறவருக்கு முகம் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் பிடிக்கவில்லை என்று முதலில் சொல்வது பெரும்பாலும் அத்தையாக இருக்கிறார். போட்டோவை வெளுப்பாக்கி அனுப்புவதும் வீண் வேலை, நேரில் வரும்போது அந்த முகத்தையா கொண்டுபோக முடியும்?

ஜாதகம் பார்ப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் பத்துக்கு எட்டுப் பொருத்தம் வந்ததும் விசாரிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். மூல நட்சத்திரம் மாமனாருக்கு ஆகாது என்று நல்ல பெண்ணைத் தட்டிக்கழிப்பது அதைவிட மோசம். இருப்பதே 27 நட்சத்திரம். மூலத்தில் பிறந்த அத்தனை பெண்களின் மாமனார்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்ன?

"உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்றால் பெருந்தன்மை என்று மயங்க வேண்டாம். தொகையை நீங்களே சொல்ல வேண்டும் என்று அர்த்தம். 1961 வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவதோடு கொடுப்பதும் குற்றம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, "ஒரு கால்கட்டு போட்டால் திருந்திவிடுவான்" என்பது. அவன் அம்மா சொல்லியும் கேட்காததை, நேற்று வந்தவள் சொன்னால் கேட்பானாம். அப்படிச் சொன்ன ஒரு வீட்டுக்கு, பல வருடங்களுக்கு முன் நானே ஒரு பெண்ணைக் காட்டினேன். எட்டு மாதத்தில் அவள் பெட்டியோடு தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த வீடு இருக்கும் தெரு வழியாகப் போனால் பஸ் ஸ்டாண்டு பக்கம்தான். நான் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.