நாய்க்கு முதுகு புடிச்சுக்கிச்சா? நெட்டி எடுக்க தூக்கிட்டு ஓடுறதுக்கு முன்னாடி இத செஞ்சு பாருங்க

எங்க வீட்டு டாஷ்ஹண்டுக்கு (நீள உடம்பு, குட்டை கால் இருக்குற நாய் ஜாதி) ஆறு வயசு. ஒருநாள் காலைல சோபா பக்கத்துல வந்து நின்னுட்டு ஏறவே மாட்டேங்குறான், தூக்கலாம்னு கைய வெச்சா வீல்னு கத்துறான், முதுகு வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. குதிரைக்கும் நாய்க்கும் டக்கு டக்குனு நெட்டி எடுக்குற கைரோபிராக்டிக் வீடியோ எவ்ளோ பாத்திருப்பேன், அதனால அப்படி ஒருத்தர்ட்ட கூட்டிட்டு போலாம்னுதான் முதல்ல தோணுச்சு. போகாதது நல்லதா போச்சு, ஏன்னா அவனுக்கு இருந்தது டிஸ்க் பிரச்சனை.

டாஷ்ஹண்டு வெச்சிருக்கவங்க இத கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். இந்த ஜாதில கிட்டத்தட்ட நாலுல ஒண்ணுக்கு வாழ்நாள்ல எப்பவாவது டிஸ்க் தொந்தரவு வருது. டிஸ்க்குங்குறது முதுகெலும்பு ஒவ்வொண்ணுக்கும் நடுவுல இருக்குற மெத்தை மாதிரி, அதுக்குள்ள மெத்துனு இருக்க வேண்டிய ஜெல்லி சின்ன வயசுலயே காஞ்சு கெட்டியாகி, ஒரு குதி குதிக்கும்போது பிதுங்கி வெளிய வந்து தண்டுவடத்த அழுத்திடும். அந்த முதுக போய் யாராவது திருப்பி அழுத்துனா இன்னும் பிதுங்குறதுக்கு வாய்ப்பு இருக்கு.

அதனால முதல்ல வீட்லயே ஒண்ணு பாருங்க. நாய நிக்க வெச்சு வயித்துக்கு அடில ஒரு கைய தாங்கலா குடுத்துட்டு, பின்னங்கால் பாதத்த மெதுவா மடக்கி மேல்பக்கம் தரைல படுற மாதிரி வைங்க. நல்லா இருக்குற நாய் உடனே காலை நேரா திருப்பி வெச்சுக்கும். மடங்குனது மடங்குனபடியே நிக்குதுன்னா நரம்புல கோளாறுன்னு அர்த்தம், அன்னைக்கே டாக்டர்ட்ட போயிடுங்க. காலை இழுத்துட்டு நடக்குது, மூத்திரம் போக முடியல, பின்னங்கால் விரல நல்லா அழுத்துனாலும் திரும்பிக்கூட பாக்கலன்னா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கெளம்புங்க, ஆபரேஷன் தேவைப்பட்டா ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். எக்ஸ்ரேல டிஸ்க் சரியா தெரியாது, ஸ்கேன் கேட்டாங்கன்னா காசு புடுங்குறாங்கன்னு நினைக்காதீங்க. வலிக்குதேன்னு நம்ம வீட்டு புரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் குடுத்துடாதீங்க ப்ளீஸ், குடல்ல புண்ணாகி கிட்னியும் போயிடும். நடக்க முடியுற நாய்க்கு பெரும்பாலும் மருந்தோட நாலுல இருந்து ஆறு வாரம் கூண்டு ரெஸ்ட்தான் சொல்லுவாங்க. பாக்கவே பாவமா இருக்கும், ஆனா மூணாவது வாரம் நல்லா ஆயிட்டான்னு தொறந்து விட்டீங்கன்னா பழையபடி ஆரம்பிச்சுடும்.

அப்போ கைரோபிராக்டிக் வேண்டவே வேண்டாமான்னு கேட்டா, அப்படி இல்ல. டிஸ்க், எலும்பு முறிவு, கட்டி எதுவும் இல்லன்னு டாக்டர் பாத்து சொன்னப்புறம், வயசான நாயோட இறுக்கத்துக்கோ, சவாரி குதிரையோட முதுகு வலிக்கோ முயற்சி பண்ணலாம். ஆராய்ச்சி இருக்குறது கொஞ்சம்தான், அதுலயும் குதிரைலதான் ஓரளவுக்கு செஞ்சிருக்காங்க, நாய்க்கு ரொம்ப கம்மி. ஆனா செய்யுறவர் யாருன்னு பாருங்க. கால்நடை டாக்டரா, இதுக்குன்னு தனியா படிச்சிருக்காரான்னு நேராவே கேளுங்க. அமெரிக்கால 1989ல இருந்து இதுக்குன்னே தனி சங்கம் இருக்கு, அவங்க அங்கீகரிக்குற கோர்ஸே 200 மணி நேரத்துக்கு மேல, அதுல சேரவே கால்நடை டாக்டராவோ கைரோபிராக்டராவோ இருக்கணும். நல்லவர்னா முதல்ல பழைய ரிப்போர்ட் கேப்பார், நடக்க விட்டு பாப்பார், முதுகெலும்ப ஒவ்வொண்ணா தடவி பாத்துட்டு ஒரு மூட்டுல மட்டும் கையால சின்னதா, வேகமா ஒரு அழுத்து அழுத்துவார். சுத்தியல் எடுத்தாலோ, கால புடிச்சு வெடுக்குனு இழுத்தாலோ, ஒரே தடவைல சரியாயிடும்னு சொன்னாலோ நாய தூக்கிட்டு வந்துடுங்க. வீடியோ பாத்து நீங்களே செய்யுறது எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

வீட்ல நீங்க செய்ய வேண்டியது வேற நிறைய இருக்கு. டைல்ஸ் தரைல கால் வழுக்குறதுதான் நம்ம வீடுகள்ல பெரிய எதிரி, அவன் நடக்குற வழில ரப்பர் மேட் போடுங்க, பழைய யோகா மேட் கூட போதும். சோபாக்கு ஒரு சாய்வு பலகை வைங்க, கழுத்துப்பட்டைக்கு பதிலா ஹார்னஸ் (நெஞ்ச சுத்தி மாட்டுற பட்டை) மாட்டுங்க, தடவுனா விலா எலும்பு கைல தட்டுப்படுற அளவுக்கு எடைய கொறைங்க. தூக்கும்போது அக்குள்ல கைய குடுத்து கொழந்தைய தூக்குற மாதிரி தூக்காதீங்க, ஒரு கை நெஞ்சுக்கு அடில, இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடில, முதுகு பலகை மாதிரி நேரா இருக்கணும், எறக்கும்போதும் நாலு காலும் தரைய தொட்டப்புறம்தான் கைய விடணும்.