எந்த நீதிமன்றம், எந்தக் கட்டம், யாருடைய சொல்: சர்வதேசத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“நிகராகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தபடி…” என்று தொடங்கும் வாக்கியத்தைச் சட்டக் கட்டுரைகளைத் திருத்தும்போது அடிக்கடி பார்க்கிறேன். அடிக்குறிப்பில் வழக்கின் பெயர் மட்டும் இருக்கும். எந்தத் தீர்ப்பு என்று கேட்டால் பதில் வராது. நிகராகுவா அமெரிக்காவுக்கு எதிராகத் தொடுத்த அந்த ஒரே வழக்கில் 1984 மே 10 அன்று இடைக்கால உத்தரவு பிறந்தது. அதே ஆண்டு நவம்பர் 26 அன்று, வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கா சர்வதேசச் சட்டத்தை மீறியது என்ற முடிவு 1986 ஜூன் 27 அன்றுதான் வந்தது. நீதிமன்றத்தின் அறிக்கைத் தொகுதிகளில் முதலாவது 1984ஆம் ஆண்டின் 169ஆம் பக்கத்திலும், இரண்டாவது அதே ஆண்டின் 392ஆம் பக்கத்திலும், மூன்றாவது 1986ஆம் ஆண்டின் 14ஆம் பக்கத்திலும் தொடங்குகின்றன. பெயரை மட்டும் எழுதினால் இவற்றில் எதைத் தேடுவது என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

வழக்கின் கட்டத்தைக் குறிப்பிடாமல் விடுவதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாகக் கருதுகிறேன். காற்புள்ளி இடம் மாறினால் யாருக்கும் நட்டமில்லை. இடைக்கால உத்தரவை இறுதித் தீர்ப்புபோலக் காட்டினால் சட்டமே மாறிப்போகிறது. தென்னாப்பிரிக்கா இஸ்ரேலுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2024 ஜனவரி 26 அன்று வந்த உத்தரவு நல்ல எடுத்துக்காட்டு. தென்னாப்பிரிக்கா பாதுகாப்புக் கோரிய உரிமைகளில் சிலவாவது ஏற்கத்தக்கவையாக இருக்கின்றன என்று அதன் 54ஆம் பத்தி சொல்கிறது. இனப்படுகொலை நடந்தது என்றோ நடக்கவில்லை என்றோ அந்த உத்தரவு முடிவு செய்யவில்லை. இரண்டில் ஒன்றை நீதிமன்றம் சொல்லிவிட்டதாக எழுதுகிறவர், எந்தப் பக்கம் நின்று எழுதினாலும், ஆவணத்தில் இல்லாததை எழுதுகிறார். அதற்காக இடைக்கால உத்தரவு வெறும் அறிவுரை என்று நினைத்துவிடவும் கூடாது. அது நாடுகளைக் கட்டுப்படுத்தும் என்று லாகிராண்ட் வழக்கின் 2001 ஜூன் 27 தீர்ப்பு தெளிவாக்கிவிட்டது.

அடுத்தது, நீதிமன்றத்தையே மாற்றிச் சொல்வது. சர்வதேச நீதிமன்றம், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், நிரந்தர நடுவர் நீதிமன்றம் மூன்றும் ஹேக் நகரில் இருப்பதால், “ஹேக் நீதிமன்றம்” என்ற சொல் எதையும் தெளிவாகக் குறிக்காது. முதலாவது ஐ.நா.வின் நீதிமன்றம்; நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிப்பது. இரண்டாவது தனிமனிதர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது. தென்சீனக் கடல் தொடர்பாக 2016 ஜூலை 12 அன்று வந்த முடிவைப் பலர் ஐ.நா. நீதிமன்றத்தின் தீர்ப்பு என்றே எழுதினார்கள். அதை வழங்கியது கடல் சட்ட உடன்படிக்கையின் ஏழாவது இணைப்பின்கீழ் அமைந்த நடுவர் குழு. நிரந்தர நடுவர் நீதிமன்றம் அதற்குச் செயலகமாக மட்டும் பணியாற்றியது. தனக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பில்லை என்று சர்வதேச நீதிமன்றமே அறிவிக்க வேண்டியதாயிற்று.

நீதிமன்றம் சரியாக இருந்தாலும் அமர்வு தவறிவிடலாம். இத்தாலிய வகுப்பறைகளில் சிலுவை மாட்டப்பட்டது குறித்த லாவுட்ஸி வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் அமர்வு 2009 நவம்பர் 3 அன்று உரிமை மீறல் என்றது. அமர்வின் முடிவை மாற்றும் அதிகாரம் கொண்ட, அதே நீதிமன்றத்தின் பேரமர்வு 2011 மார்ச் 18 அன்று மீறல் இல்லை என்றது. இரண்டுக்கும் மனு எண் ஒன்றுதான்: 30814/06. எண்ணை மட்டும் நம்பி 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சான்றாகக் காட்டியவரின் வாதம் அங்கேயே விழுந்துவிடும். ஆகவே தேதியும் அமர்வும் கட்டாயம்.

இனி, யாருடைய சொல் என்பது. சர்வதேச நீதிமன்றத் தீர்ப்புகளோடு நீதிபதிகளின் தனிக் கருத்துகளும் (முடிவை ஏற்றுத் தம் காரணங்களைச் சொல்பவை) மாறுபட்ட கருத்துகளும் (முடிவை ஏற்காதவை) சேர்ந்தே அச்சாகின்றன. ஒரே தொகுதி, தொடர்ச்சியான பக்க எண்கள். டான்யூப் நதி அணைகள் பற்றிய கப்சிகோவோ-நாகிமாரோஸ் வழக்கின் 1997 செப்டம்பர் 25 தீர்ப்பு, நீடித்த வளர்ச்சியை ஒரு கருத்தாக்கம் என்று 140ஆம் பத்தியில் குறிப்பிடுகிறது. அதே தொகுதியின் 88ஆம் பக்கத்தில் துணைத் தலைவர் வீரமந்திரியின் தனிக் கருத்து தொடங்குகிறது. அதில் அவர், நீதிமன்றம் அதைக் கருத்தாக்கம் என்று சொன்னதை எடுத்துக்காட்டி, தம்மைப் பொறுத்தவரை அது அதற்கும் மேலான, நெறிப்படுத்தும் தன்மை கொண்ட கொள்கை என்கிறார். இலங்கையின் பழங்கால ஏரிகளையும் நீர்ப்பாசனத்தையும் அவர் விரித்து எழுதிய பக்கங்கள் அருமையானவை; நானும் விரும்பிப் படித்திருக்கிறேன். ஆனால் அவற்றை “நீதிமன்றம் கூறியது” என்று எழுதினால் பெரும்பான்மை சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிக்கிறோம். நீதிபதியின் பெயர், அது தனிக் கருத்தா மாறுபட்ட கருத்தா, அதன் பக்கம் மூன்றையும் எழுதுங்கள்.

அணு ஆயுதங்கள் பற்றிய ஆலோசனைக் கருத்திலும், அதாவது ஐ.நா. அமைப்புகள் கேட்கும் சட்டக் கேள்விக்கு நீதிமன்றம் தரும் பதிலிலும், இதே கவனம் தேவை. 1996 ஜூலை 8 அன்று வந்தவை இரண்டு. உலக சுகாதார நிறுவனம் கேட்டதற்குப் பதிலளிக்க நீதிமன்றம் மறுத்தது (ப. 66). ஐ.நா. பொதுச்சபை கேட்டதற்குப் பதிலளித்தது (ப. 226). பின்னதன் 105ஆம் பத்தியில் சில பிரிவுகள் ஒருமனதானவை. ஒரு முக்கியப் பிரிவோ ஏழுக்கு ஏழு என்று சமமாகி, தலைவரின் முடிவு வாக்கால் நிறைவேறியது. வாக்கு விவரத்தை மறைத்து மேற்கோள் காட்டுவது நேர்மையாகாது. ஆலோசனைக் கருத்து கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல என்பதையும், தீர்ப்புகூட அந்த வழக்கில் அந்தத் தரப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றச் சட்டவிதியின் 59ஆம் பிரிவு சொல்வதையும் மறக்க வேண்டாம்.

இடத்தைக் குறிக்கும்போது பத்தி எண் இருந்தால் அதையே கொடுங்கள். பழைய தீர்ப்புகளில் பத்தி எண் இருக்காது. அங்கே தொகுதியின் பக்க எண்தான் வழி. ஒரு நாடு தன் நிலப்பரப்பைப் பிற நாடுகளின் உரிமைக்கு எதிரான செயல்களுக்குப் பயன்படுத்தத் தெரிந்தே விடக்கூடாது என்ற புகழ்பெற்ற வரியை இப்படிக் குறிக்கலாம்:

கோர்ஃபு நீரிணை வழக்கு (ஐக்கிய இராச்சியம் எதிர் அல்பேனியா), தீர்ப்பு, 9 ஏப்ரல் 1949, சர்வதேச நீதிமன்ற அறிக்கைகள் 1949, ப. 4, குறிப்பாக ப. 22.

இந்த 22 அச்சுத் தொகுதியின் எண். பதிவிறக்கிய கோப்பைக் கணினித் திரை எண்ணிக் காட்டும் பக்கம் வேறாக இருக்கும். “எதிர்” என்ற சொல்லையும் கவனியுங்கள்: இரு நாடுகள் உடன்பட்டுக் கொண்டுவந்த வழக்கில் அதற்குப் பதில் சாய்கோடுதான் வரும். வடகடல் கண்டத்திட்டு வழக்கு ஜெர்மனி/டென்மார்க் என்று எழுதப்படுவது அதனால்தான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. தீர்ப்பின் இறுதியில், ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டில் எந்த வடிவம் அதிகாரபூர்வமானது என்று எழுதப்பட்டிருக்கும். மொழிபெயர்க்கும்போது அந்த வடிவத்திலிருந்து மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பு உங்களுடையது என்று அடிக்குறிப்பில் சொல்லுங்கள். வழக்கின் மூலப் பெயரை ஒருமுறையாவது அதன் எழுத்திலேயே கொடுங்கள். தமிழ் ஒலிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தின் தளத்தில் எவராலும் தேட முடியாது.