பினாங்கிலிருந்து சாஹெல் வரை: மேலடுக்குக் காற்றைக் கொண்டு வறண்ட நிலத்து மழையைக் கணிக்கும் முறை

சஹாராவின் தென்விளிம்பில் செனகல் முதல் சூடான் வரை நீளும் சாஹெல் பகுதிக்கு மழை என்பது பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். அந்த மழை செழிப்பதும் பொய்ப்பதும் தரையருகே உள்ள ஈரப்பதத்தை மட்டும் பொறுத்ததன்று. மேலே வெவ்வேறு உயரங்களில் ஓடும் காற்றுகளையும் பொறுத்தது. இதை விண்டி (Windy) என்னும் வானிலைச் செயலியைக் கொண்டு நீங்களே பார்த்துக் கற்கலாம். ஜூலையிலோ ஆகஸ்டிலோ செய்யுங்கள்; மற்ற மாதங்களில் இந்த அமைப்பு தெளிவாகத் தெரியாது.

முதல் படிக்குச் செயலி தேவையில்லை. பினாங்கின் கடற்கரைச் சாலையான கர்னி டிரைவில் நின்று வானத்தைப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நாளில் தாழ்ந்த மேகத் திரள்கள் கிழக்கு நோக்கி நகர, அவற்றுக்கு மிக உயரே இழை இழையாகத் தெரியும் கீற்று மேகங்கள் எதிர்த்திசையில், மேற்கு நோக்கிச் செல்வதைக் காணலாம்.

இரண்டாவதாக, செயலியில் காற்று வரைபடத்தைத் திறந்து, உயரத்தை 13.5 கிலோமீட்டருக்கு மாற்றுங்கள். பினாங்கைக் கடந்து, தென்னிந்தியா, அரபிக்கடல் வழியாக ஆப்பிரிக்கா வரை மேற்கு நோக்கி ஓடும் கோடுகள் தெரியும். இதுவே வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்று; கீழை என்றால் கிழக்கிலிருந்து வீசுவது, ஜெட் என்றால் குறுகிய பாதையில் மிக வேகமாக ஓடும் காற்று. இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958-இல் வெளியிட்ட ஆய்வில் இதை விரிவாக விளக்கினார். கோடையில் திபெத்தியப் பீடபூமியும் ஆசிய நிலப்பரப்பும் சூடாகி, தெற்கே இந்தியப் பெருங்கடலின் மேலுள்ள காற்று அந்த அளவுக்குச் சூடாகாமல் இருப்பதே இதன் பிறப்புக்குக் காரணம்.

மூன்றாவதாக, உயரத்தை 3 கிலோமீட்டருக்கு இறக்கி, மாலி, நைஜர் நாடுகளின் மேல் பாருங்கள். அங்கேயும் ஒரு கீழைக் காற்று ஓடுகிறது. அது ஆப்பிரிக்கக் கீழை ஜெட். சுடும் சஹாராவுக்கும் குளிர்ந்த கினியா கரைக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு அதை உருவாக்குகிறது. பின்னர் 1 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினால், கினியா வளைகுடாவிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குக் காற்று தெரியும்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருவோம். கீழே தென்மேற்கிலிருந்தும் நடுவே கிழக்கிலிருந்தும் காற்று வீசுவதால், இடிமழை மேகங்கள் சிதறிக் கலைந்துவிடாமல் நீண்ட வரிசையாக ஒழுங்குபெறுகின்றன. நடு உயரத்தின் வறண்ட காற்றில் மழைத்துளிகள் ஆவியாகி அதைக் குளிர்விக்க, அந்தக் கனத்த காற்று தரைக்கு இறங்கிப் பரவி, முன்னால் இருக்கும் ஈரக்காற்றை மேலே தள்ளுகிறது. அங்கே புதிய மேகம் எழ, வரிசை மேற்கு நோக்கி நகர்கிறது. சாஹெல் மழையின் பெரும்பகுதி இத்தகைய வரிசைகளிலிருந்தே கிடைக்கிறது.

ஆப்பிரிக்க ஜெட் வடக்கே தள்ளியிருந்து, உயரத்துக் கீழை ஜெட் வலுவாக இருக்கும் ஆண்டுகளில் சாஹெலில் மழை கூடுகிறது. முன்னது தெற்கே இறங்கிப் பின்னது தளரும் ஆண்டுகளில் குறைகிறது. இதை ஒருவழிக் காரணமாகக் கொள்ள வேண்டாம். பெருமழை வெளியிடும் வெப்பமும் இந்த ஜெட் காற்றுகளை மாற்றுகிறது.

கடைசியாக, நைஜரின் தலைநகர் நியாமேயைத் தேர்ந்து, மழை வரைபடத்தையும் 3 கிலோமீட்டர் காற்றையும் மாற்றி மாற்றி, முன்னறிவிப்பின் நாள்களை நகர்த்துங்கள். ஆப்பிரிக்க ஜெட்டில் எழும் அலைகள் ஏறத்தாழ 3 முதல் 5 நாள்களுக்கு ஒருமுறை ஓரிடத்தைக் கடக்கும். காற்றுக் கோடுகள் வளையும் இடத்தையும் மழைத்திட்டு தோன்றும் இடத்தையும் நாள்வாரியாகக் குறித்து வாருங்கள்.