சாகும் கலாத்தியன்: இந்தச் சிலையைப் பார்க்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

ரோம் நகரின் கேப்பிடோலைன் அருங்காட்சியகத்தில் ஒரு பளிங்குச் சிலை. தன் கேடயத்தின் மேலேயே சரிந்து, வலது கையை ஊன்றி, தலையைத் தொங்கப் போட்டிருக்கும் ஒரு வீரன். உடம்பில் துணியில்லை. வலப்பக்க மார்புக்குக் கீழே சின்னதாக ஒரு வெட்டு, அதிலிருந்து வழியும் சொட்டுகளைக்கூட பளிங்கிலேயே செதுக்கியிருக்கிறார்கள். இந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்தால் கூடவே 'சாகும் கிளாடியேட்டர்' என்ற தலைப்பும் வரும். முதல் தவறு அங்கேதான்.

கழுத்தைப் பாருங்கள். முறுக்கிய கயிறு மாதிரி ஒரு வளையம் கிடக்கிறது. பண்டைய ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்ட் இனத்தார் அணிந்த அணிகலன் அது. தாடி மழித்திருக்கிறது, மீசை மட்டும் இருக்கிறது. தலைமுடி தடித்த கற்றைகளாக விறைத்து நிற்கிறது. கெல்ட்டுகள் சுண்ணாம்புத் தண்ணீரில் முடியை அலசிப் பின்னால் வாரிக்கொள்வார்கள், அது குதிரைப் பிடரி போலாகிவிடும் என்று பழைய வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதியிருக்கிறார். சிற்பி அதை நேரில் பார்த்தவர் போலச் செதுக்கியிருக்கிறார். ஆக, இவன் கிளாடியேட்டர் அல்ல, அதாவது ரோமானிய அரங்கில் வேடிக்கைக்காகச் சண்டை போட்டவனல்ல, போர்க்களத்தில் விழுந்தவன்.

எந்தப் போர்? கி.மு. 278 வாக்கில் கெல்ட்டுகளில் சில கூட்டத்தார் ஐரோப்பாவிலிருந்து கடல் தாண்டி இன்றைய துருக்கிக்குள் வந்து, அங்காரா பக்கம் குடியேறினார்கள். அவர்கள்தான் கலாத்தியர். ஆமாம், பைபிளில் பவுல் நிருபம் எழுதிய 'கலாத்தியர்' என்ற பெயர் இந்த மக்களிடமிருந்து வந்ததுதான். அக்கம்பக்கத்து அரசுகள் இவர்களுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தன. இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த கிரேக்க அரசான பெர்கமோனின் அரசன் முதலாம் அட்டாலஸ் கட்ட மறுத்தான், போரிட்டான், வென்றான். அந்த வெற்றியைக் கொண்டாட அவன் எழுப்பிய நினைவுச் சின்னங்களில் ஒன்றுதான் இதன் மூலச் சிலை.

நானும் தடுமாறிய இடம் இதுதான். மார்பில் பட்ட விழுப்புண்ணைப் பார்த்ததும் நடுகல் ஞாபகம் வந்தது. சொந்த ஊர்க்காரர்கள் எழுப்பியது என்றே நினைத்துவிட்டேன். இல்லை, இதை எழுப்பியது கொன்றவன். எதிரியைக் கோழையாகக் காட்டினால் அவனை வென்றதில் என்ன பெருமை? அதனால் இது இரக்கச் சிலை மட்டுமே என்பதும் சரியில்லை, வெறும் வெற்றித் தம்பட்டம் என்பதும் சரியில்லை. இரண்டும் ஒரே கல்லில் இருக்கிறது.

கல் என்றதும் இன்னொன்று. நாம் பார்ப்பது மூலச் சிலையல்ல, ரோமானியர் காலப் பிரதி. மூலம் வெண்கலத்தில் இருந்திருக்கும் என்பது பரவலான கருத்து. வலது கை பின்னாளில் செய்து சேர்த்தது. அதைச் செய்தவர் மைக்கேலாஞ்சலோ என்று ஒரு பழைய கதை உண்டு. அவர் இறந்தது 1564இல், சிலையைப் பற்றிய முதல் பதிவோ 1623ஆம் ஆண்டு ரோமின் பிரபுக் குடும்பமான லுடோவிசியின் சொத்துப் பட்டியலில்தான் வருகிறது. அதனால் அந்தக் கதையை நம்புவது கடினம்.

அப்புறம், கிளாடியேட்டர் என்ற பெயர் தப்பு என்பதற்காக அதை அடியோடு ஒதுக்குவதும் தவறு. இந்தச் சிலையின் புகழே பெருமளவு அந்தத் தப்பான பெயரில்தான் பரவியது. ஆங்கிலக் கவி பைரன் இவனை கிளாடியேட்டராகவே நினைத்து, தன்யூப் ஆற்றங்கரைக் குடிசையில் விளையாடும் இவனுடைய பிள்ளைகளையும் கற்பனை செய்து 1818இல் பாடினார். இல்லாத பிள்ளைகள்தான், ஆனால் வரிகள் நின்றுவிட்டன. நெப்போலியனும் சும்மா விடவில்லை. போப்போடு செய்துகொண்ட 1797 ஒப்பந்தத்தின் பேரில் சிலையைப் பாரீஸுக்குக் கொண்டுபோனார். 1816இல்தான் ரோமுக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு இத்தாலியை விட்டு வெளியே போனது 2013இல், வாஷிங்டன் கண்காட்சிக்கு.

கடைசியாக, எதிரே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். சிலை கூடத்தின் நடுவில் இருக்கிறது, சுற்றி வரலாம். குனிந்து கீழே பாருங்கள்: கேடயத்தின் மேல் வளைந்த போர்க்கொம்பு ஒன்று கிடக்கும். முகத்தையே பார்த்துவிட்டு வருகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.